துருவும் தூளும்

சென்ற இதழில் வந்த ஒரு கவிதையைப் பற்றி நண்பர்களுக்குள் பேச்சு நடந்தது. புறநகர்ச் சாலையோரம் கைவிடப்பட்ட ஒரு கார், அதன் துரு, கண்ணாடி போன ஜன்னல் வழியே தலை நீட்டும் எருக்கு. கவிதை நன்றாகவே இருந்தது. அதன் கட்டமைப்பு குறித்து எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாட்கள் அது என்னைத் தொந்தரவு செய்தது. துருவை இவ்வளவு சுலபமாகக் காலத்தின் படிமமாக எடுத்துக்கொள்ள நமக்கு எப்படி முடிகிறது? புதுக்கவிதை வந்த நாளிலிருந்து துருப்பிடித்த ஆணி, துருப்பிடித்த சைக்கிள், துருப்பிடித்த பிரக்ஞை என்று எத்தனையோ பார்த்தாயிற்று. நானும் எழுதியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வண்டி சாலையோரம் துருப்பிடிக்கிறது என்றால், யாரோ ஒருவன் அதை உபயோகித்துவிட்டு, அதைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் போய்விட்டான் என்று அர்த்தம். காலத்துக்கு அதில் பங்கு உண்டுதான். அந்த ஆளுக்கு அதைவிட அதிகப் பங்கு உண்டு. படிமம் செய்கிற காரியம், அந்த ஆளைக் கவிதையிலிருந்து சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடுவது.

அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் பஜாஜ் சேதக் ஸ்கூட்டர் அவர் காலமான பின் 11 வருஷம் எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நின்றது. ஓட்ட ஆளில்லை, விற்க மனமில்லை. "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று அம்மா சொன்னாள். அம்மாவும் போன பிறகு அதே வாக்கியத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாபகம் என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்கிற சௌகரியம் இருக்கிறது. ஆனால் ஸ்கூட்டர் ஸ்கூட்டராகவே இருந்தது. கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் டாங்க்கின் அடி ஓட்டையாகி மிச்சமிருந்ததும் மண்ணுக்குள் போயிற்று. சுவரோரம் அம்மா வைத்திருந்த செம்பருத்தி முதலில் ஒரு பக்கமாகக் காய்ந்தது, பிறகு முழுக்கக் காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளையும் ஊற்றினேன். எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்குவதற்கு நான் உதவி செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியாது.

கடைசியில் மெக்கானிக் ஒருவர் சொல்லி, அவருடைய தட்டு ரிக்‌ஷாவில் அதை ஏற்றிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனோம். எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சந்துகளைச் சென்னைவாசிகள் ஒரு நகைச்சுவையாகத்தான் அறிவார்கள். வண்டி காணாமல் போனால் அங்கே போய்ப் பார், அரை மணி தாமதித்தால் உன் வண்டியை நீயே உதிரியாக விலை கொடுத்து வாங்கலாம் என்கிற பழைய ஜோக். நானும் அந்த அளவில்தான் அறிந்திருந்தேன். கடைக்காரர் ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், எண்ணைச் சரிபார்த்தார். பிறகு வயதான ஒருவரைக் கூப்பிட்டார். பாய் என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள். அவர் ஸ்கூட்டரை ஒரு முறை சுற்றி வந்தார். உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்குள் அப்பாவின் ஸ்கூட்டர் இல்லாமல் போயிற்று.

'உடைப்பது' என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே யாரும் அந்தச் சொல்லை உபயோகிக்கவில்லை. 'பிரிக்கிறது' என்றுதான் சொன்னார்கள். வண்டியைப் பிரிக்கிறவர், வண்டி பிரிக்கிற இடம். மூட்டையைப் பிரிப்பது போல, தையலைப் பிரிப்பது போல. எந்த நட்டு முதலில் கழல வேண்டும், எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எதற்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும், எதைத் தட்டினால் போதும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி எடுத்து, பழைய பனியன் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஊதிப் பார்த்தார். "இது ஓடும் சார். எட்த்து வச்சா யார்னா கேட்டு வருவாங்க" என்றார். 11 வருஷமாக அந்த ஸ்கூட்டரைப் பார்த்தபடி சந்தில் போய்வந்த எனக்கு அதனுள் ஓடக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது என்பது தோன்றவேயில்லை. அதை மொத்தமாக ஒரு துக்கமாக வைத்திருந்தேன். அவர் அதைத் தனித்தனியாக அறிந்தார்.

நம்மில் ஹைடெக்கரைப் படித்தவர்கள், அல்லது படித்ததாகச் சொல்பவர்கள், 1927இல் அவர் எழுதிய புத்தகத்தில் வரும் சுத்தியலை மறந்திருக்க மாட்டார்கள். சுத்தியல் வேலை செய்கிற வரை நாம் அதைப் பார்ப்பதில்லை, உடைந்த கணத்தில்தான் அது ஒரு பொருளாக நம் முன் துலங்குகிறது என்பது அந்த வாதம். எனக்குப் பிடித்த வாதம்தான். ஆனால் அந்தப் பட்டறையில், உடைந்த சுத்தியலைப் பிறகு யார் எடுத்துப் போனார்கள்? கைப்பிடி அடுப்புக்குப் போயிற்றா, இரும்பு உலைக்குப் போயிற்றா? தத்துவம் துலங்கலோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறது. புதுப்பேட்டைப் பெரியவர் அதற்குப் பிந்திய நேரத்தில் வேலை செய்கிறார். அந்த நேரத்தைப் பற்றி நம்மிடம் சிந்தனை குறைவு.

புதுப்பேட்டையை ஆசிரமமாக்குகிற உத்தேசம் எனக்கில்லை. பிரித்த வண்டியின் எண்ணெய் அங்கே தரையில்தான் இறங்குகிறது, தரை கூவத்தின் பக்கம்தான் சாய்கிறது. காரென்றால் இன்னும் கஷ்டம். பாட்டரியில் ஈயம், பழைய பிரேக் கட்டைகளில் கல்நார், குளிர்சாதனத்தின் வாயு. ஒரு காரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரும்பும் எஃகும். அதற்கு எப்போதும் விலை உண்டு, அது உலைக்குப் போய்த் திரும்பக் கம்பியாகிவிடும். சீட்டின் நுரையும் கண்ணாடியும் கலந்துபோன பிளாஸ்டிக்கும் யாருக்கும் வேண்டாதவை. அவை எரிகின்றன, அல்லது எங்கோ கொட்டப்படுகின்றன. இதையெல்லாம் ஒழுங்கு செய்யச் சட்டங்கள் வந்திருக்கின்றன. 2021இல் வண்டிகளைக் கழிப்பதற்கான கொள்கையும், பதிவு பெற்ற கூடங்களுக்கான விதிகளும் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளுக்குப் பதிவு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகள், வண்டியைச் செய்து விற்றவர்களே அதன் முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பொருளைப் பிறப்பிக்கிறவன் அதன் சாவுக்கும் கடமைப்பட்டவன் என்பது நம் சட்டங்களில் புதிய எண்ணம். பெரிய கூடத்தில் பெரிய இயந்திரம் காரை ஒரே மூச்சில் துண்டு துண்டாக்கிக் காந்தத்தால் இரும்பைப் பொறுக்கிவிடும். சுத்தமான வேலை. பாயின் நுரையீரலுக்கும் நல்லதுதான். அந்த இயந்திரம் கார்புரேட்டரை ஊதிப் பார்க்காது என்று நான் சொன்னால் அது என்னுடைய ரொமான்டிக் வியாதி என்று நீங்கள் சொல்லலாம். பதில் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பாயின் விரல் மடிப்புகளில் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாகத் தங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவின் கை ஞாபகம் வந்தது. மாமாவின் விரல் மடிப்புகளில் இருந்தது கறுப்பல்ல, சாம்பல் வெளுப்பு.

*

மாமா கோலார் தங்க வயலில் இருந்தார். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து அங்கே போனவர். அம்மா பிறந்தது அங்கே ஒரு லைன் வீட்டில். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற தலித்துகள். ஊரில் நிலத்தின் மேல் உரிமை இல்லாதவர்களுக்கு நிலத்தின் அடியில் வேலை கிடைத்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே காலூன்றியது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களுக்கு விளக்கு வருவதற்குப் பல தலைமுறை முன்பே பாதாளத்துக்கு விளக்கு வந்துவிட்டது. சாம்பியன் ரீஃபில் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். 1956இல் மைசூர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசாங்கம், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் வெளியே வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல் என்கிறார்கள்.

வெளியே வந்து, போகாமல் நின்றுவிட்டது இன்னொன்று இருக்கிறது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்து எடுத்த பின், மிஞ்சிய சேற்றைக் குழாயில் தள்ளி மேட்டில் கொட்டினார்கள். அது காய்ந்து, மேலே மேலே கொட்டி, 13 குன்றுகளாக நிற்கிறது. ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன். ஊரில் அவற்றுக்குச் சயனைடு மலை என்று பெயர். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போது பலகைத் துண்டின் மேல் உட்கார்ந்து அந்தச் சரிவில் சறுக்கியிருக்கிறோம். மாலையில் வீடு திரும்பினால் அத்தை எங்களை வாசலிலேயே நிறுத்தித் துணியைக் கழற்றி உதறுவாள். ஆடிக் காற்றில் அந்தத் தூள் தானாகவே வீட்டுக்கு வரும். மூடி வைத்த சோற்றில் நறநறக்கும். இப்போது அந்தக் குன்றுகள் சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். 2018இல் கன்னடத்தில் அந்த ஊரின் பெயரையே வைத்து வந்த படம் உட்படப் பல படங்களில் அவை பாலைவனமாகவும் பாழ்நிலமாகவும் நடித்திருக்கின்றன. நம் கவிதையில் துரு நடிப்பது போல.

சயனைடு என்ற பெயர் பயமுறுத்துகிறது. விசித்திரம் என்னவென்றால், சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்து போய்விடக்கூடியது. சிதையாமல் இருப்பது பயமுறுத்தாத மற்றது. மாவாக அரைத்த கல். மூச்சோடு உள்ளே போனால் திரும்பி வராத மிக நுண்ணிய சிலிக்கா. மாமா இருபத்தெட்டு வருஷம் பூமிக்கடியில் அதே கல்லின் தூளைச் சுவாசித்தார். கடைசி மூன்று வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். அவருடைய சீட்டில் ஆஸ்துமா என்று எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை. கல் என்று எழுதியிருக்கலாம்.

அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா 2 பவுனில் ஒரு சங்கிலி போட்டார். ராபர்ட்சன்பேட்டைக் கடையில் வாங்கியது. தான் தோண்டியதைத் தானே விலை கொடுத்து வாங்கிய மனிதர். சமீபத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 கோடியே 30 லட்சம் டன் தூளை 800 டன் தங்கத்துக்குப் பங்கிட்டால், 8 கிராம் பவுன் ஒன்றுக்குச் சுமார் 330 கிலோ வருகிறது. இன்னும் அங்கே மேட்டில் கிடக்கிற தூளை மட்டும் வைத்துச் சொல்கிறேன். ஆக, அம்மாவின் சங்கிலிக்கு 660 கிலோ. சங்கிலி இப்போது என் மனைவியிடம் இருக்கிறது. தூள் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது. தங்கத்தைப் பற்றி நாம் எப்போதும் புகழ்ந்து சொல்கிற குணம் அது துருப்பிடிக்காது என்பது. யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. உருக்கி உருக்கிப் புதுசாக்கிக்கொண்டே இருக்கிறோம். மறு உபயோகம் என்ற சொல் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்பே தட்டார்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். துருப்பிடிக்கிற ஸ்கூட்டர் அநேகமாக முழுதும் பிரிந்து நாலு பேருக்குப் போய்விட்டது. துருவே அறியாத பொருள் தனக்குப் பின்னால் 13 குன்றுகளை விட்டிருக்கிறது.

*

பழைய வண்டிகளைக் கழிப்பதும் கைவிட்ட சுரங்கங்களைச் சுத்தம் செய்வதும் ஒரே காரியத்தின் இரண்டு கிளைகள் என்று பேசுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நிர்வாகத்துக்கு அது சௌகரியமாக இருக்கலாம். தார்மிகமாக யோசித்தால் இரண்டும் நேர் எதிர் என்றே எனக்குப் படுகிறது. காரில் பெரும்பகுதிக்கு விலை உண்டு, கொஞ்சம்தான் வேண்டாதது. அதனால் எந்த உபதேசமும் இல்லாமலே, காயலான் கடைக்காரரின் தராசே பாதிச் சுத்தத்தைச் செய்துவிடுகிறது. குன்றில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் வேண்டாதது. அதனால் 2001க்குப் பிறகு தராசு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தராசு வராத இடத்தில் யார் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

இப்போது தங்கத்தின் விலை எங்கோ போய்விட்டதால் தராசு திரும்பியிருக்கிறது. அந்த 13 குன்றுகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கலாம் என்கிற மத்திய அரசாங்கத்தின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. நண்பர் ஒருவர், பொருளாதாரம் படித்தவர், உற்சாகமாகச் சொன்னார்: "பார்த்தீர்களா, லாபமே சுத்தம் செய்துவிடும். நோக்கம் எதுவாக இருந்தால் என்ன?" நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். பிறகு சாதாரணக் கணக்கு உறைத்தது. ஒரு டன்னிலிருந்து ஒரு கிராமை எடுத்தால் மிஞ்சுவது ஒரு டன். குன்று எங்கும் போகாது. இடம் மாறும், இன்னும் நைசாக அரைபடும், அவ்வளவுதான். எடுத்த பின் அந்தத் தூளை எங்கே வைக்கிறோம், அடியில் என்ன விரிக்கிறோம், மேலே எவ்வளவு மண் போட்டு என்ன நடுகிறோம், சுரங்கத்தின் வெற்றிடத்துக்குள்ளேயே கெட்டியாக்கித் திருப்பி அனுப்புகிறோமா என்பதெல்லாம் தங்கத்துக்கு அவசியமில்லாத வேலைகள். சுத்தம் என்பது முழுக்க அந்த அவசியமில்லாத வேலைகளால் ஆனது. நோக்கம் எதுவாக இருந்தால் என்ன என்று நண்பர் கேட்டது தத்துவக் கேள்வியாகத் தோன்றியது. உண்மையில் அது இந்தச் செலவுப் பட்டியலைப் பற்றிய கேள்வி. தங்கத்துக்காக வருகிறவன் தங்கம் கிடைத்ததும் நிறுத்திவிடலாம், அவனைக் குறை சொல்ல முடியாது.

செலவு யாருடையது என்பதற்கு ஒரு பழைய உதாரணம் என் மனதை விட்டு அகல மறுக்கிறது. வேல்ஸ் தேசத்தில் அபர்ஃபான் என்ற நிலக்கரிக் கிராமம். அங்கேயும் சுரங்கக் கழிவை மலைச்சரிவில் குன்று குன்றாகக் கொட்டியிருந்தார்கள். ஒரு குன்றை ஊற்று நீர் கசியும் இடத்தின் மேலேயே கொட்டினார்கள். 1966 அக்டோபர் 21 காலையில் அது நகர்ந்து கீழே பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தைத்தான் குற்றம் சொன்னது. ஆனால் நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. மிச்சக் குன்றுகள் கிராமத்தின் தலைக்கு மேல் அப்படியே நின்றன. அவற்றை அகற்றச் சொல்லி ஜனங்கள் கேட்டார்கள். அகற்றும் செலவில் 1,50,000 பவுண்டை, குழந்தைகளை இழந்தவர்களுக்காக உலகம் முழுவதும் இருந்து வந்து சேர்ந்த நிவாரண நிதியிலிருந்தே கட்ட வைத்தார்கள். அந்தப் பணத்தை 1997இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டியில்லாமல்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, திருடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிர்வாகத்தின் தர்க்கம் மிகத் தெளிவானது: குன்று போவதால் யாருக்கு நன்மையோ அவர்கள் பங்கு தரட்டும். பொறுப்பு என்பதை நன்மை என்று மொழிபெயர்த்துவிட்டால் எவரையும் பில் கட்ட வைத்துவிடலாம். நம் ஊரில் இந்த மொழிபெயர்ப்பு இன்னும் சுலபம். இந்தியாவில் சுரங்கத்தை மூடுகிறவர்கள் மூடிய பின் நிலத்தை என்ன செய்யப்போகிறோம் என்று திட்டம் கொடுக்க வேண்டும் என்கிற விதி 2003இல் வந்தது. கோலார் மூடி இரண்டு வருஷத்துக்குப் பின்.

*

போன ஆடியில் கோலாருக்குப் போனேன். அத்தை இல்லை. மாமா மகன், எனக்கு மச்சான் முறை, அதே லைன் வீட்டில் இருக்கிறார். விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய், ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் காவலாக இருந்துவிட்டு, இரவு திரும்புகிறார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். நான் சுத்தம், மண் மூடுதல், மரம் நடுதல் என்று பேசிக்கொண்டே போனேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சுத்தத்தில் அக்கறை இல்லை. சுரங்கம் திறக்க வேண்டும், வேலை வர வேண்டும், அவ்வளவுதான். அப்பாவைக் கொன்ற இடம் என்று நான் சொன்னதற்கு, "சோறு போட்ட இடம்னும் சொல்லு மச்சான்" என்றார். பிறகு, ரொம்ப நேரம் கழித்து, குன்றைப் பார்த்தபடி சொன்னார்:

"சுத்தம் பண்ண வந்தா மொதல்ல நம்மளத்தான் சுத்தம் பண்ணுவாங்க. இந்த வூடு நம்ம வூடா? கம்பெனி நெலம். அந்த மண்ணு இருக்கற வரைக்கும் எவனும் இங்க வரமாட்டான். அது கெட்டதா இருக்கறதாலதான் நாம இங்க இருக்கறோம்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. சுற்றுச்சூழல் பற்றி நான் படித்த எதிலும் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை. அழுக்கே வேலியாக இருந்து ஒரு ஜனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற நிலைமை. சேரிக்குள் யாரும் வராததால் சேரியில் கொஞ்சம் சுதந்திரம் இருந்தது என்று தாத்தா சொல்வார் என அம்மா சொன்னதுண்டு. அந்தச் சுதந்திரத்தின் விலை எவ்வளவு என்பது வேறு விஷயம்.

நம் மொழியில் சுத்தம் என்ற சொல்லைத் தார்மிகச் சொல்லாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உள்ள தயக்கம் இதிலிருந்து வருகிறது. என் வாசல் சுத்தமாகிறது என்றால் அந்தக் குப்பை இன்னொரு வாசலுக்குப் போயிருக்கிறது. இன்னொரு ஆள் சுமந்துகொண்டு போயிருக்கிறான். அந்த ஆள் யார் என்பதை அவன் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிற சமூகம் நம்முடையது. இப்படிப்பட்ட இடத்தில் 'அகற்றுதல்' என்பதை ஒரு நற்செயலாகக் கொண்டாடச் சங்கடமாக இருக்கிறது. புதுப்பேட்டையில் கேட்ட 'பிரித்தல்' எனக்கு அதைவிட நேர்மையான சொல்லாகப் படுகிறது. பிரிக்கிறவன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். எது ஓடும், எது ஓடாது, எதை யாரிடம் கொடுக்கலாம், எதை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று. ஆனால் 3 கோடி டன் தூளை எப்படிப் பிரிப்பது? அதில் மாமாவின் நுரையீரலுக்குச் சேர வேண்டியது எது, அம்மாவின் சங்கிலிக்குச் சேர வேண்டியது எது? பிரிக்கவே முடியாத அளவுக்கு ஒன்றை அரைத்துவிடுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அங்கே பொறுப்பும் சேர்ந்தே அரைபட்டுவிடுகிறது.

திரும்பி வந்ததும் செய்த முதல் காரியம், ஸ்கூட்டர் நின்ற இடத்தை மண்வெட்டியால் கொத்தியது. ஒரு முழ ஆழம் வரை மண் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. செம்பருத்தியின் வேர் கையோடு வந்தது. கறுப்பு முடிகிற வரை தோண்டி எடுத்ததில் ஒரு சிமெண்ட் சாக்கு நிறைந்தது. குழியில் வேறு மண் போட்டேன். செம்பருத்திக் கன்று ஒன்றும் வாங்கி வைத்தாயிற்று. அப்புறம்தான் சாக்கை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. தெருமுனைத் தொட்டியில் போட்டால் கையுறை இல்லாத ஒருவர்தான் அதை அள்ளப்போகிறார். பெட்ரோல் பங்கில் கேட்டேன், சிரித்தார்கள். புதுப்பேட்டைக்கே கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். பாய் மண்ணை ஊதிப் பார்க்க மாட்டார்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் இரண்டு நாள் அந்தச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெருக்கினாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "இதுக்கா சார் இவ்ளோ யோசனை? குடுங்க, எங்க வூட்டாண்ட காலி மனை கீது. போறப்போ கொட்டிட்டுப் போயிடறேன்."

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாக்கு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஐப்பசி மழையில் சாரல் அடித்து, அதன் அடியில் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருக்கிறது.